டேட்டிங் ஆப்பில் பழகுபவர் ஏஐ வைத்துத்தான் மெசேஜ் எழுதுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி நீளமாக இருப்பதால் முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும், வேலைக்குப் போகும் பெண். டேட்டிங் ஆப்பில் அறிமுகமான ஒருவரோடு மூன்று மாதமாகப் பேசிவருகிறார். அவர் தன் ஊர் புதுச்சேரி லாஸ்பேட்டை என்கிறார். ஒரே ஒரு வீடியோ கால் நடந்திருக்கிறது, நேரில் பார்த்ததில்லை. மெசேஜ்கள் அத்தனை அழகாக, அத்தனை பொறுமையாக வருகின்றன. தோழி அதைப் படித்துவிட்டு "இது ஏஐ எழுதினது" என்று சொல்லிவிட்டார். கண்டறியும் தளம் ஒன்றில் போட்டால் 92 சதவீதம் ஏஐ என்று வந்திருக்கிறது. அதே மெசேஜ்களை சாட்ஜிபிடியில் போட்டு "இவர் என்னை விரும்புகிறாரா" என்று கேட்டதற்கு, "ஆழமான அன்பு தெரிகிறது" என்று பதில். இது ஏமாற்றா, உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்கிறார்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த வாக்கியங்களை எழுதியது யார்? சொன்ன பெயரில், சொன்ன ஊரில் அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா? இருந்தால், அவருக்கு உங்கள் மேல் இருப்பது உண்மையான விருப்பமா? முதல் கேள்விக்கு நம்பத்தகுந்த விடை கிடைக்காது. இரண்டாவதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டுவிடலாம். மூன்றாவதற்கு நேரில் பழகுவதைத் தவிர வழி கிடையாது. நீங்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டீர்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அந்த 92 சதவீதத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் பார்ப்பது, ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான். சுலபமாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம், முடியாவிட்டால் மனிதர். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களே செய்த சோதனையில் அது ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். அதே 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்கு ஏஐ என்று தவறான முத்திரை விழுந்தது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தனக்குப் பழகிய சொற்களையே எடுப்பார், அதனால் அவர் எழுத்து ஊகிக்கச் சுலபமாக இருக்கும். உங்கள் நண்பர் ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்கும் இதே கதிதான். தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதினால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழக்கப்பட்டவை. போதாததற்கு, நாலு வரி மெசேஜ் என்பது எடை போடப் போதுமான சரக்கே இல்லை.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. நீங்கள் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு ஆறுதல் வரி, கடைசியில் ஒரு கேள்வி என்று ஒவ்வொரு மெசேஜும் ஒரே அச்சில் வருவது ஒன்று. வாய்ஸ் நோட்டில் "வந்துகினு இருக்கேன்" என்று பேசுகிற ஆள், எழுத்தில் மட்டும் "உங்கள் உணர்வுகளை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது" என்று எழுதுவது இன்னொன்று. ஏஐ எழுதும் தமிழ் இன்னும் மேடைத் தமிழின் பக்கமே சாய்கிறது, வட்டாரப் பேச்சு அதற்குச் சரியாக வருவதில்லை. "டைப்பிங்" என்று காட்டிய சில நொடிகளிலேயே பத்து வரி வந்து விழுந்தால் வேறு எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறார் என்று சொல்லலாம். உங்களுக்குத் தம்பி இருப்பதைப் போன மாதம் பேசிவிட்டு மறுபடி "கூடப் பிறந்தவர்கள் உண்டா" என்று கேட்டால், கடைசி நாலைந்து ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இவை எல்லாமே பலவீனமான சாட்சிகள். கூச்ச சுபாவமுள்ளவர் நோட்ஸ் செயலியில் மெதுவாக எழுதி, திருத்தி, பிறகு ஒட்டுவார். தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை இயல்பாகவே எழுத்துத் தமிழில் எழுதுவார். வேலை மும்முரத்தில் தம்பியை மறப்பவரும் உண்டு. நான்கு அடையாளமும் சேர்ந்து இருந்தால் நானும் ஏஐ என்றுதான் ஊகிப்பேன், ஆனால் அந்த ஊகத்தை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். முதலில் படங்கள். அவர் போட்டிருக்கும் ஒவ்வொரு படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகம் மட்டும் தெரிய வெட்டி கூகுள் லென்ஸில் ஒரு முறை, பின்னணியோடு முழுசாக இன்னொரு முறை தேடுங்கள். டின்ஐ, யாண்டெக்ஸ் தேடல்களிலும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும். வேறு பெயரில் அதே படம் கிடைத்தால் கதை அங்கேயே முடிந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத மனித முகத்தைத் தத்ரூபமாக உருவாக்கும் வித்தை 2019-லேயே எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அப்படி உருவான முகம் பெரும்பாலும் தேடலில் சிக்காது. பின்னணியில் கடைப் பலகை இருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள். படம் உருவாக்கும் ஏஐ தமிழ் எழுத்தில் அடிக்கடி தடுக்கி விழுகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இந்தக் குறை வேகமாகச் சரியாகிவருவதால், பலகை சரியாக இருப்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆப்பில் இருக்கும் நீல நிற 'வெரிஃபைடு' முத்திரையையும் அளவோடு நம்புங்கள். செல்ஃபியும் ப்ரொஃபைல் படமும் ஒரே முகம் என்பதற்குத்தான் அது சாட்சி. பெயர், வேலை, கல்யாணம் ஆனவரா என்பதையெல்லாம் அது சொல்லாது. கல்யாணத்தை மறைப்பது ஏஐ வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் பொய், அதைத் தனியாகக் கேட்டு, தனியாக விசாரிக்க வேண்டும்.

வீடியோ காலை முன்கூட்டி நேரம் குறிக்காமல், இரண்டு வெவ்வேறு நாளில் செய்யுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தை முழுசாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். கையை நெற்றியிலிருந்து தாடை வரை மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். முகம் மாற்றும் மென்பொருள் கண், மூக்கு, வாய் இருக்கும் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் போலி முகத்தை ஒட்டுகிறது. அந்தப் புள்ளிகள் மறையும்போது ஓரங்கள் நடுங்கும், விரல்கள் முகத்துக்குள் கரைந்ததுபோலத் தெரியும். அதைவிட நல்ல சோதனை, பேச்சின் நடுவே பின் கேமராவுக்கு மாற்றி, வாசலுக்கு வந்து தெருவைக் காட்டச் சொல்வது. லாஸ்பேட்டையில் பத்து அடி நடந்தால் ஏதாவது ஒரு கடைப் பலகை வந்துவிடும். கணினியில் போலி கேமரா வழியாக முகத்தை அனுப்புபவரால் இதைச் சட்டென்று செய்ய முடியாது. குரலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே மூன்று வினாடி ஒலியை வைத்து ஒருவர் குரலைப் போலப் பேச வைத்துக் காட்டினார்கள்.

இவ்வளவும் தேவையா என்று தோன்றலாம். 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை 27 பேரைக் கைது செய்தது. ஏஐ மூலம் அழகான பெண் முகங்களை உருவாக்கி, வீடியோ காலிலும் அந்த முகத்தோடே பேசி, காதலிப்பதாக நம்பவைத்து, போலி கிரிப்டோ முதலீட்டில் பணம் போடச் செய்த கும்பல் அது. சுருட்டிய தொகை சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர். ஆண்களும் ஏமாறுகிறார்கள், அதுவும் வீடியோ காலில் பார்த்த பிறகே ஏமாறுகிறார்கள். அதனால் நீங்கள் செய்த அந்த ஒரு வீடியோ கால் பாதி சாட்சிதான்.

உங்கள் விஷயத்தில் இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டர். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு மணி நேரத்துக்குள் பஸ் போய்ச் சேர்ந்துவிடும். துபாயிலோ பாரிஸிலோ இருப்பவர் வர முடியவில்லை என்றால் அர்த்தமுண்டு. லாஸ்பேட்டையில் இருப்பவர் மூன்று மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். நீங்களே தள்ளிப்போட்டீர்களா, அவர் தள்ளிப்போட்டாரா என்பது கேள்வியில் இல்லை. அவர்தான் என்றால், ஒரு தேதி, ஒரு இடம், ஒரு மணி என்று திட்டவட்டமாகக் கேளுங்கள். ஒருமுறை உடம்பு சரியில்லாமல் போகலாம். இரண்டாவது தேதியும் கடைசி நேரத்தில் கழன்றால், என் கணக்கில் அந்த ஆள் சொன்ன இடத்தில் இல்லை, அல்லது சொன்ன ஆளாக இல்லை.

சந்திப்பை புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைப் பக்கம், மாலையில் வையுங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வாகனம் விடமாட்டார்கள், குடும்பம் குடும்பமாக ஜனம் நடக்கும், யாரும் உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. உங்கள் ஊர்ப் பக்கமே வேண்டுமென்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச், ஆனால் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடும்படி. பஸ்ஸிலோ சொந்த வண்டியிலோ போங்கள், அவர் வண்டியில் வேண்டாம். தோழிக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம் என்று மற்ற தேர்வுகள் இருந்தாலும் அவை நடுவில் முடிந்துவிடும். குடிக்கும் எதையும் மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

அதற்கு முன்பே பணப் பேச்சு வந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை, அங்கேயே நிறுத்துங்கள். பாதை பெரும்பாலும் இப்படிப் போகும்: சீக்கிரமே ஆப்பை விட்டு டெலிகிராமுக்கு அழைப்பார், நெருக்கமாகப் பேசுவார், பிறகு தனக்கு லாபம் வந்த ஒரு டிரேடிங் செயலியைக் காட்டுவார். அல்லது பிரான்ஸிலிருந்து அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்பார். பிரான்ஸில் சொந்தபந்தம் இருக்கும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய இருப்பதால் இந்தக் கதையை நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். சுங்கத் துறை எந்தக் காலத்திலும் தனிநபர் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் போடச் சொல்லாது. பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு வங்கிகள் நடுவில் மறித்து நிறுத்த வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அவருடைய ப்ரொஃபைல் இணைப்பு, உரையாடல் மூன்றும் கையில் இருக்கட்டும். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் வையுங்கள். கடலூர் தமிழ்நாடு போலீஸ், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தனிப் போலீஸ். "அங்கே போய்க் கொடுங்க" என்று யாராவது சொன்னால், எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில், படத்தை எங்கும் ஏற்றாமல் உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற எண்ணை உருவாக்கி, அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்கச் சொல்லலாம்.

இனி, ஆள் நிஜம்தான், மெசேஜுக்கு மட்டும் ஏஐ உதவி எடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அது சட்டப்படி குற்றம் இல்லை. ஏமாற்றா என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன், மாறுபட உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்துப் பிழை திருத்துவது, ஆங்கிலத்தைச் சீர்செய்வது, முதல் நாள் என்ன பேசுவது என்று யோசனை கேட்பது இவற்றில் தவறில்லை. உதாரணமாக, உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் இரவில் வந்த ஆறுதல் வரிகளை அவர் படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருந்தால், அந்த இரவு உங்களோடு யாருமே இல்லை என்று அர்த்தம். அது வலிக்கத்தான் செய்யும். நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவில் தோழி நின்றாள், மூன்றாம் ஆள் வருவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் தோழி இனிக்க இனிக்கப் பேச்சை நீட்டிக்கொண்டு போகிறவள் இல்லை. தலைவனைத் தடுத்து நிறுத்தி, எப்போது வரைந்துகொள்வாய், அதாவது மணந்துகொள்வாய் என்று நெருக்குகிறவள். வரைவு கடாதல் என்று அதற்குத் தனித் துறையே வகுத்திருக்கிறார்கள். இயந்திரம் அந்த வேலையைச் செய்யாது. கேட்டவருக்குப் பிடித்தபடி அடுத்த மெசேஜை எழுதித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் தோழி செய்ததுதான் தோழியின் வேலை, அவருடைய ஊகம் தவறாகவே இருந்தாலும்.

அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி இல்லாமல், இப்படி: "மெசேஜ் எழுத ஏஐ உதவி எடுக்கறீங்களா? எடுத்தா தப்புன்னு சொல்லல. ஆனா நான் எழுதுறதையும் அதுல போடறீங்களா?" இரண்டாவது கேள்வி முதலாவதை விட முக்கியம். பதில் எழுதித் தர வேண்டுமானால் நீங்கள் எழுதியதை அவர் இயந்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உங்கள் பெயர், நம்பர், அப்பாவின் நோய், ஆபீஸ் சண்டை எல்லாம் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் போகும். இலவச சாட்பாட்கள் பலவற்றில், அமைப்புகளுக்குள் போய் நிறுத்தாவிட்டால் உரையாடல்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தப்படலாம். தனிநபர் தன் சொந்தக் காரியத்துக்குச் செய்வதை 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடுவதில்லை, அதனால் நீங்கள் கேட்டு நிறுத்தினால்தான் உண்டு. ஒளிக்காமல் "ஆமாம், எனக்கு எழுத வராது" என்று சொன்னால் அந்த நேர்மைக்கு நான் மதிப்பெண் போடுவேன். கோபப்பட்டுப் பேச்சைத் திருப்பினால் கவனமாக இருங்கள்.

நீங்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டதும் இதே வகைதான். அது உங்கள் பக்கத்தை மட்டும் பார்த்தது, கேட்பவரின் எதிர்பார்ப்புக்கு வளைந்து கொடுக்கும் பழக்கமும் இந்த மாதிரிகளுக்கு உண்டு. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து அதே மெசேஜ்களைப் போட்டு, "இவன் என்னை ஏமாற்றுகிறான் என்று நினைக்கிறேன், சரியா" என்று கேளுங்கள். அன்பு என்று சொன்ன அதே வரிகளில் இப்போது அபாய அறிகுறி காட்டும் வாய்ப்பு அதிகம். ஆப் காட்டும் பொருத்த சதவீதமும் ஜோசியமாகாது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட குணநல, விருப்பக் கேள்விகளுக்கான பதில்களை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக யார் அதிகம் பேருக்குப் பிடித்தமானவர் என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. குறிப்பாக இவருக்கு அவரைப் பிடிக்குமா என்பதை, நேரில் சந்திப்பதற்கு முன் சொல்ல முடியவில்லை.

சந்தித்தபின் முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேர் போனும் பைக்குள் இருக்கட்டும். மெசேஜில் அருவியாகக் கொட்டியவர் நேரில் தடுமாறினால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கூச்சமும் தடுமாற்றம்தான், இரண்டு மூன்று சந்திப்பு கொடுத்துப் பாருங்கள். நீங்கள் முன்பு எழுதிய சின்னச் சின்ன விஷயங்கள் அவர் நினைவில் இருக்கின்றனவா, நீங்கள் பேசும்போது கேட்கிறாரா, பிடிக்காததைச் சொன்னால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தொடர்வதென்று இருவரும் நினைத்தால், நீண்ட மெசேஜுக்குப் பதில் சின்ன வாய்ஸ் நோட், இல்லையென்றால் பத்து நிமிட போன் கால் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராதவருக்கும் அது பாரமாக இருக்காது.